மேடைக்கு மறுமொழி சொன்ன மாமி

நாடகம் பார்க்கப் போனால் மாமிக்குப் பக்கத்தில் இருக்க எங்கள் ஊரில் ஒருவரும் விரும்பமாட்டார்கள். நான்தான் இருப்பேன். நானாக விரும்பி இருந்ததில்லை. அவருடைய கணவர் எங்கள் வாசல் படலைக்கு வந்து, "பிள்ளை, அவவின்ரை கையைப் பிடிச்சுக்கொண்டு இரும். எழும்பவிடாதையும்" என்று கேட்டுக்கொள்வார். அதற்காகப் போனேன். பிறகு அதுவே பழகிவிட்டது.

யாழ்ப்பாணத்துத் தீவுப்பகுதியில், நாரந்தனையில், எங்கள் வீட்டுக்கும் அவர்கள் வீட்டுக்கும் நடுவே ஒரு கிடுகுவேலிதான். சொந்தம் ஒன்றுமில்லை, ஆனாலும் மாமி, மாமா என்றுதான் கூப்பிடுவேன். அவர்களுக்குப் பிள்ளைகள் இல்லை. நான் அப்போது கூட்டுறவுச் சங்கக்கடையில் சாமான் நிறுத்துக் கொடுக்கும் வேலையில் இருந்தேன். கடை பூட்டி நான் வந்து சேலை மாற்றுவதற்குள் மாமி முகம் கழுவிப் பொட்டு வைத்து, சுருட்டிய பாயைக் கக்கத்தில் வைத்துக்கொண்டு நிற்பார். கதிரையில் இருக்கமாட்டார். கதிரை வரிசைக்கும் முன்னால், சின்னப்பிள்ளைகள் குந்தியிருக்கும் மண்ணில் பாயை விரிப்பார். "கதிரையிலை இருந்தால் முகங்கள் வடிவாய்த் தெரியாது பிள்ளை" என்பார்.

மேடையில் யார் எதைச் சொன்னாலும் அது தனக்கே சொன்னது மாதிரி மறுமொழி சொல்லிவிடுவார். மாமியின் குணம் அது. வேணுமென்று செய்வதில்லை. வாயிலிருந்து அதுவாக வந்துவிடும்.

வாசிகசாலை ஆண்டு விழாவில் ஒருமுறை சரித்திர நாடகம் போட்டார்கள். மந்திரியின் ஆள் பாலில் நஞ்சைக் கலந்து ராசாவிடம் நீட்டுகிறான். ராசா கிண்ணத்தை வாயருகே கொண்டுபோன நேரம் மாமி எழும்பிவிட்டார்.

"ராசா, குடியாதேங்கோ! அவன் நஞ்சு கலந்தவன். நான் கண்டனான்!"

சனம் விழுந்து விழுந்து சிரித்தது. ராசாவாக நடித்த தபால்கந்தோர்க்காரருக்கும் சிரிப்பு வந்து, தாடி ஒருபக்கம் கழன்று தொங்கியது. நஞ்சு கலந்தவனாக நடித்த பெடியன் மட்டும் சிரிக்கவில்லை. மாமியைத் திரும்பி ஒரு பார்வை பார்த்தான், உண்மையாகவே பிடிபட்டுவிட்டவன் மாதிரி. அவன் மண்கும்பான் பக்கத்துப் பெடியன். மெலிந்த உடம்பு, எடுப்பான குரல்வளை. அதற்குப் பிறகு சந்தையில் எங்கே கண்டாலும் மாமி அவனை "என்ன தம்பி, நஞ்சு கலக்கிறவரே" என்று கூப்பிடுவார். அவனும் சைக்கிளால் இறங்கி நின்று கதைத்துவிட்டுத்தான் போவான்.

சனம் மாமியைக் கொஞ்சம் கழன்ற கேஸ் என்று சொன்னது. நான் அப்படி நினைக்கவில்லை. பள்ளிக்கூடத்துக் கலைவிழாவில் ஏழெட்டுப் பிள்ளைகள் நடனம் ஆடிக்கொண்டிருந்தபோது, மாமி திடீரென்று, "நிப்பாட்டுங்கோ, அந்தக் கடைசிப் பிள்ளைக்குக் கால் நோகுது" என்று கத்தினார். நடன ரீச்சருக்கு வந்த கோபம் கொஞ்சமல்ல. அந்தப் பிள்ளையோ சிரித்தமுகமாகத்தான் ஆடிக்கொண்டிருந்தது. ஆடி முடிந்து பார்த்தால் குதிக்காலில் ஆணி ஏறி, மேடைப் பலகையில் இரத்தம். மண்டபம் நிறைந்த சனத்தில் அதை ஒருவரும் காணவில்லை. சிரிக்கும் முகத்துக்குள் இருந்த நோவு மாமிக்குத் தெரிந்திருந்தது.

மாமா இதற்கு நேர் எதிர். சனம் கூடுகிற இடத்துக்கே வரமாட்டார். தெற்கே பதுளையில் கடை வைத்திருந்தவர். எண்பத்துமூன்றாம் ஆண்டுக் கலவரத்தில் கடை எரிந்து, கட்டின சறத்தோடு கப்பலில் காங்கேசன்துறைக்கு வந்து இறங்கியவர். அதைப்பற்றி அவர் கதைத்து நான் கேட்டது ஒரேயொரு தடவைதான். கோயில் திருவிழாவில் மேளக்கச்சேரி முடிந்து சனம் கைதட்டிய சத்தம் எங்கள் வளவுவரைக்கும் கேட்டது. வேலியோரம் நின்றிருந்த மாமா இரண்டு காதையும் பொத்திக்கொண்டார்.

"கடை எரியேக்கை றோட்டிலை நிண்டு பாத்தவை, பிள்ளை. என்னட்டைக் கடனுக்குச் சாமான் வாங்கின சனம். கூரை விழுந்தவுடனை கைதட்டினவை. இப்பிடித்தான் கேட்டது. இதே சத்தம்."

அவ்வளவுதான் சொன்னார். அதனால்தான் மாமி பாயோடு படலை தாண்டும் ஒவ்வொரு முறையும் அவருக்கு உயிர் போய் வரும். நாங்கள் திரும்பி வரும்வரை படலையைப் பிடித்துக்கொண்டே நிற்பார்.

பிறகு காலம் மாறியது. காரைநகரில் கடற்படை முகாம். எங்கள் கரையிலிருந்து பார்த்தால் அங்கே வெளிச்சம் தெரியும். பீரங்கிப் படகு கரையோரம் வந்தால் சனம் பனங்காணிக்குள் ஓடும். ஆயுதம் ஏந்திய இயக்கப் பெடியள் ஊருக்குள் வெளிப்படையாகத் திரியத் தொடங்கினார்கள். ஒருநாள் விடிய கடற்படை வந்து எங்கள் ஊரில் ஒரே ஒரு வீட்டை மட்டும் வளைத்தது. நேரே அந்த வீட்டுக்குத்தான் வந்தார்கள், வேறெங்கும் தேடவில்லை. இரண்டு பெடியளைக் கொண்டுபோனார்கள். ஒருவன் சில மாதத்தில் நொண்டிக்கொண்டு வந்தான். மற்றவன் வரவேயில்லை. அவன் தாய் எங்கள் வீடு இருக்கும் ஒழுங்கையின் கடைசி வீட்டுக்காரி.

யாரோ காட்டிக்கொடுத்திருக்கிறார்கள் என்பது எல்லோருக்கும் தெரிந்தது. யார் என்றுதான் தெரியவில்லை. அதற்குப் பிறகு ஊரில் ஆளை ஆள் பார்க்கும் பார்வையே வேறாகிவிட்டது. சங்கக்கடையில் சீனி வாங்க நிற்கிற சனம்கூட ஒருவர் முகத்தை ஒருவர் பார்க்காமல் தராசையே பார்த்துக்கொண்டு நிற்கும்.

அந்த நேரத்தில்தான் இயக்கத்துக் கலைக்குழு ஒன்று ஊருக்கு வந்தது. பின்னேரம், வெயில் தாழ, பள்ளிக்கூட விளையாட்டுத் திடலில் வீதி நாடகம். வீட்டுக்கொருவர் கட்டாயம் வரவேண்டும் என்று ஒலிபெருக்கியில் சொல்லிக்கொண்டு போனார்கள். முந்தி நாடகம் என்றால் சனம் இடம்பிடிக்க அள்ளுப்படும். அன்றைக்கு எல்லோரும் மெதுவாக, பிந்திப் பிந்தி வந்தார்கள். முன்னுக்கு இருக்க ஒருவருக்கும் மனமில்லை. மாமி மட்டும் வழக்கம்போல முன்னால் போய்ப் பாயை விரித்தார். நானும் போய்ப் பக்கத்தில் இருந்து அவருடைய கையைப் பிடித்துக்கொண்டேன். திடலைச் சுற்றித் தோளில் துவக்கு மாட்டிய இயக்கப் பெடியள் நின்றார்கள். மேடை இல்லை. நடுவில் ஒரு மரக்கம்பம் நட்டிருந்தது.

நாடகம் ஒரு காட்டிக்கொடுப்பவனைப் பற்றியது. கறுத்தக் காற்சட்டை போட்ட நாலைந்து பேர் பறையடித்துப் பாடிக்கொண்டு, ஒருவனை இழுத்து வந்து கம்பத்தில் கட்டினார்கள். கட்டுப்பட்டவன் நஞ்சு கலந்த அந்த மண்கும்பான் பெடியன்தான். இந்தக் குழுவில் சேர்ந்திருந்தான் என்பது எனக்கு அப்போதுதான் தெரியும். நாடகம் முழுக்க அவனுக்கு ஒரு வசனமும் இல்லை. தலையைக் குனிந்துகொண்டு நின்றான். மற்றவர்கள் அவனைச் சுற்றி ஓடி ஓடிக் குற்றம் சொன்னார்கள். கடைசியில் குழுவின் தலைவன் சனத்தைப் பார்த்துத் திரும்பினான்.

"மக்களே, இவனுக்கு என்ன தண்டனை? நீங்களே சொல்லுங்கள்!"

பின்வரிசையில் யாரோ முணுமுணுத்தார்கள். என் கைக்குள் இருந்த மாமியின் கை வழுகி வெளியே போனதை உணர்ந்தேன். பிடிக்க முந்தி அவர் எழும்பி நின்றுவிட்டார்.

"சனத்தைக் கேட்டீங்கள் தம்பி, நான் சொல்லுறன். அவன் இவ்வளவு நேரமும் ஒரு சொல்லுக் கதைக்கேல்லை. ஏன் செய்தனி எண்டு அவனை ஒருக்காக் கேட்டனீங்களோ?"

ஒருவரும் சிரிக்கவில்லை. எங்களுக்குப் பின்னால் பாய்கள் இழுபடும் சத்தம் கேட்டது. சனம் எங்களை விட்டு விலகிக்கொண்டிருந்தது. தலைவன் துவக்கோடு நின்றவர்களைத் திரும்பிப் பார்த்தான். மாமி அவனை விட்டுவிட்டுக் கம்பத்தைப் பார்த்தார்.

"நீ சொல்லு தம்பி. ஏன் செய்தனி?"

அவன் தலையை நிமிர்த்தி மாமியைப் பார்த்தான். பிறகு சொன்னான்.

"பயத்திலை சொன்னனான், மாமி."

சொல்லிவிட்டு அழுதான். பறை நின்றுவிட்டது. துவக்கோடு நின்றவர்களில் ஒருவன் ஓரடி முன்னால் வந்தான். தலைவன் அவசர அவசரமாக ஒரு முழக்கத்தைச் சொல்லி, நாடகம் முடிந்தது என்று கையை உயர்த்தினான். எல்லோரும் கைதட்டினோம். நானும் தட்டினேன். தட்டாதவர் மாமி ஒருவர்தான். கயிற்றை அவிழ்க்கும்வரை அவனையே பார்த்துக்கொண்டு நின்றார்.

திரும்பி வரும் வழியில் ஒருவரும் எங்களோடு சேர்ந்து நடக்கவில்லை. நாங்கள் படலைக்கு வருமுன்னமே செய்தி மாமாவிடம் போய்ச் சேர்ந்துவிட்டது. அவர் கத்தவில்லை. "உமக்கு என்னப்பா வேணும்? இன்னொருக்கா எல்லாம் எரியவேணுமோ?" என்று மட்டும் கேட்டார். யன்னல்களைச் சாத்திவிட்டுக் கதவுக்குப் பின்னால் கதிரையைப் போட்டு இருந்துவிட்டார். வேலியால் எட்டிப் பார்க்கும்போதெல்லாம் அந்த வீடு ஆளில்லாத வீடுபோலக் கிடந்தது. சைக்கிள் மணி கேட்டாலே நான் வேலியடிக்கு ஓடுவேன்.

வந்தார்கள். ஒரு மத்தியானம், இரண்டு பேர், ஒரே சைக்கிளில். அம்மா தடுக்கத் தடுக்க நான் வேலியைத் தாண்டி மாமியிடம் ஓடினேன். ஒருவன் நாடகத்தில் தண்டனை கேட்ட தலைவன். மற்றவனை முன்பு கண்டதில்லை. தண்ணீர் கேட்டார்கள். மாமி செம்பில் கொண்டுவந்து கொடுத்தார். புதியவன் குடித்துவிட்டு வாயைத் துடைத்தான்.

"அந்தப் பெடியனை முந்தியே தெரியுமோ அம்மா?"

"நாடகத்திலை தெரியும்."

"அவனைக் காணேல்லை. நாடகம் முடிஞ்ச கையோடை போயிட்டான். எங்கை எண்டு தெரியுமோ?"

"எனக்கெப்பிடித் தம்பி தெரியும்?"

"பயத்திலை சொன்னனான் எண்டவன். அந்த வசனம் நாடகத்திலை இல்லை. ஏன் அப்பிடிச் சொன்னவன்?"

மாமா உள்ளேயிருந்து வந்தார். நடக்கவில்லை, கிட்டத்தட்ட விழுந்தார். புதியவனின் காலுக்குக் கிட்ட இருந்து கையைக் கூப்பினார். "தம்பி, அவவுக்குக் கொஞ்சம் மூளை சரியில்லை. ஊரிலை ஆரைக் கேட்டாலும் சொல்லுவினம். விட்டுவிடுங்கோ ராசா."

மாமி அவரைப் பார்க்கவில்லை. கேட்டவனுடைய முகத்தைப் பார்த்து, சாதாரணமாக, குரல் கொஞ்சமும் ஆடாமல் சொன்னார்:

"அவன் நல்ல நடிகன் தம்பி. நான் கேட்டவுடனை அந்த இடத்திலையே கட்டிச் சொன்னவன். நாடகம் எண்டால் அப்பிடித்தானே? நீங்களும் அவனுக்கு ஒரு வசனமாவது குடுத்திருக்கலாம்."

இரண்டு பேரும் ஆளை ஆள் பார்த்தார்கள். தலைவன் நிலத்தைப் பார்த்தான். புதியவன் செம்பைத் திருப்பிக் கொடுத்தான்.

"இனிமேல் நாடகத்துக்கு வந்தால் பாருங்கோ. பாக்கிறதோடை நிப்பாட்டுங்கோ."

அவர்கள் போய் வெகுநேரம் மாமா எழும்பவேயில்லை.

அதற்குப் பிறகு வந்தவர் அந்தப் பெடியனின் தாய். மண்கும்பானிலிருந்து நடந்தே வந்திருந்தார். படலையில் நின்றபடியே கேட்டார், "என்ரை பிள்ளையை என்ன கேட்டனீங்கள்? நீங்கள் வாயை வைச்சுக்கொண்டு இருந்திருந்தால் அவன் வீட்டை வந்திருப்பான்." மாமி செருப்பைப் போட்டுக்கொண்டு அந்தத் தாயோடு கிளம்பிவிட்டார். நானும் கூடப் போனேன். ஊர்காவற்றுறைத் துறைமுகத்தடி, மீன்பிடிகாரர் தங்கும் வாடிகள், கோயில் மடம் எல்லா இடமும் விசாரித்தோம். கடற்படை முகாம் வாசலிலும் போய் நின்றோம். எல்லோரும் தெரியாது என்றார்கள். சிலர் நாங்கள் வருவதைக் கண்டதும் கதவைச் சாத்தினார்கள்.

மண்கும்பான் கரையில் ஒரு உடம்பு ஒதுங்கியிருக்கிறது என்று சொன்னார்கள். போனோம். தாழம்பற்றைவரைக்கும் வந்த தாய் அதற்கு மேல் நடக்கமாட்டாமல் மண்ணில் இருந்துவிட்டார். "நீங்கள் பாருங்கோ. என்னாலை ஏலாது" என்றார். மாமி தனியே நடந்து போனார். குனிந்து பார்த்தார். நான் தூரத்திலேயே நின்றுவிட்டேன். காற்று எங்கள் பக்கம் வீச, சேலையால் மூக்கைப் பொத்திக்கொண்டேன். மாமி மூக்கைப் பொத்தவில்லை. நேரமெடுத்து, முகத்துக்குக் கிட்ட முகம் வைத்துப் பார்த்தார். பிறகு திரும்பி நின்று உரக்கச் சொன்னார்:

"அவன் இல்லை! இது வேறை ஆரோ பெத்த பிள்ளை."

தாய் மண்ணில் கவிழ்ந்து அழுதார். மாமி உடனே வரவில்லை. யாராவது பாய் கொண்டுவந்து அந்த உடம்பை மூடும்வரை அங்கேயே நின்றார்.

அன்றிலிருந்து மாமி மேடைக்கு மறுமொழி சொல்வதில்லை. நாடகத்துக்கு வருவார். ஆனால் முன்னால் போவதில்லை. கடைசி வரிசையில் சுவரோடு சாய்ந்து, சேலைத் தலைப்பை வாயில் வைத்துக் கடித்துக்கொண்டு இருப்பார். ராசா நஞ்சைக் குடித்தாலென்ன, பேச்சாளர் பொய் சொன்னாலென்ன, ஒரு சத்தம் வராது. சனம் நிம்மதியாகப் பார்த்தது. அவர்கள் சொன்ன எச்சரிக்கைக்குப் பயந்துவிட்டார் என்றுதான் ஊர் நினைத்தது. நானும் அப்படித்தான் நினைத்தேன். மாமாதான் சந்தோசப்படவில்லை. படலையில் நின்று என்னை மறித்துக் கேட்பார், "இண்டைக்கு ஏதேன் சொன்னவவோ, பிள்ளை?" இல்லை மாமா என்பேன். அவர் முகம் விழுந்துவிடும்.

தொண்ணூறில் படையினர் தீவுப்பகுதிக்குள் இறங்க, கையில் அகப்பட்டதோடு யாழ்ப்பாணப் பட்டினத்துக்கு ஓடிவந்தோம். ஒரு பள்ளிக்கூடத்தில்தான் எங்கள் ஊரில் பாதிச் சனம் இருந்தது. மாமா அங்கேயே, காய்ச்சலில், சத்தமில்லாமல் போய்ச் சேர்ந்தார். அதற்கு அடுத்த வருடம் அந்தப் பள்ளிக்கூட மண்டபத்திலேயே இடம்பெயர்ந்த பிள்ளைகள் ஒரு கலைவிழா வைத்தார்கள். குண்டுபோடப் பொம்மர் வந்தால் எந்தப் பக்கத்தால் பங்கர்க் குழிக்கு ஓடவேண்டும் என்று முதலில் அறிவித்துவிட்டுத்தான் தேவாரம் பாடத் தொடங்கினார்கள்.

நானும் மாமியும் மண்டபத்துக்கு வெளியே வேப்பமரத்தடியில் நின்றோம். அந்த மண்கும்பான் தாய் எங்களைக் கண்டு ஓடிவந்தார். அடையாளம் தெரியாமல் மெலிந்திருந்தார். சுற்றிவரப் பார்த்துவிட்டு, மாமியின் காதுக்குள் கதைத்தார். பக்கத்தில் நின்றதால் எனக்கும் கேட்டது.

"இருக்கிறான், அக்கா. உயிரோடை இருக்கிறான். அண்டைக்கே வள்ளத்திலை இந்தியாவுக்குப் போனவனாம். இப்ப ஜேர்மனியிலை கோப்பை கழுவுறானாம். அங்கையிருந்து வந்த ஆளிட்டைச் சொல்லிவிட்டவன்." அவர் இன்னும் குரலைத் தாழ்த்தினார். "ஒருத்தருக்கும் சொல்லிப்போடாதேங்கோ. நேவி பிடிச்சு அடிச்ச அடியிலை உங்கடை ஊரிலை வளைச்ச அந்த வீட்டை இவன்தான் காட்டினவனாம். பிறகு சந்தேகம் வராமலிருக்கத்தான் அந்தக் குழுவிலை போய்ச் சேர்ந்தவனாம். அண்டைக்கு அவன் சொன்னது நடிப்பில்லை, அக்கா."

மாமி அதிர்ந்ததாகத் தெரியவில்லை.

"எனக்குத் தெரியும்," என்றார்.

"எப்ப? ஆர் சொன்னது?"

"ஒருத்தரும் சொல்லேல்லை. அவன் என்னைப் பாத்துச் சொன்ன அந்த இடத்திலையே தெரியும். அவன்ரை நடிப்பை நான் முந்தியும் கண்டனான்."

"ஆருக்காவது...?"

"போய்ச்சேர்ந்த இவரிட்டைக்கூடச் சொல்லேல்லை. வாயைத் திறந்தால் அதுதான் வந்துவிடும் எண்டு பயம். அதுதான் ஒண்டுமே கதைக்காமல் இருந்தனான்." கொஞ்சம் நிறுத்தி, மாமி சொன்னார், "உம்மடை பிள்ளைக்காகத்தான் இருந்தனான். ஆனால் எங்கடை ஒழுங்கையிலை இன்னொருத்தி இருக்கிறாள். வராத பிள்ளையை இண்டைக்கும் பாத்துக்கொண்டிருக்கிறாள். அவளும் இங்கைதான் வந்திருக்கிறாள்."

மண்கும்பான் தாய் கையால் வாயைப் பொத்திக்கொண்டார். உள்ளே மணி அடித்தது. மூன்று பேரும் போய்ப் பின்னால் இருந்தோம்.

சின்னப்பிள்ளைகள் போட்ட பகிடி நாடகம் அது. பங்கருக்குள் தவறி விழுந்த ஆட்டைத் தூக்கப் போய் ஒவ்வொருவராக விழுகிற கதை. சனம் வெகுகாலத்துக்குப் பிறகு வாய்விட்டுச் சிரித்தது. எங்கள் ஒழுங்கைத் தாய் நாலைந்து வரிசைக்கு முன்னால் இருந்தார். அவரும் சிரித்தார். தோள் குலுங்கக் குலுங்கச் சிரித்தார். ஒருமுறை சிரிப்பை அடக்கமாட்டாமல் திரும்பி, ஊர்க்காரர் என்று எங்களைப் பார்த்துத் தலையை ஆட்டினார். மண்கும்பான் தாய் குனிந்துகொண்டார்.

நான் மாமியைப் பார்த்தேன். அத்தனை வருடம் பக்கத்தில் இருந்து, அன்றைக்குத்தான் முதல் தடவையாக அவர் மேடையைப் பார்க்காமல் இருக்கக் கண்டேன். நாடகம் முடிந்து சனம் கைதட்டி எழும்பும்வரை, சிரித்துக்கொண்டிருந்த அந்தத் தாயின் முதுகையே பார்த்துக்கொண்டிருந்தார்.